துரைக்கண்ணு தென்படாத நாட்கள்

பாலாற்றுக்குத் தெற்கே, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய எங்கள் கல்லேரிப்பட்டில், நாயக்காக ஓய்வுபெற்ற துரைக்கண்ணு பென்ஷனில் ஊர் வந்து சேர்ந்த வருஷம், நவம்பர் மூன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு, முடிவெட்டும் கடை நாற்காலியில் பாதி முகம் சவரம் ஆகியிருந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாமல் போனார். கத்தியைத் தோல்வாரில் தீட்டிவிட்டுத் திரும்பிய கடைக்காரர் காலி நாற்காலியைப் பார்த்தார், கையை நீட்டித் தடவினார், நுரை கையில் பட்டது, பாதி சவரத்தோடு ஒரு மனிதரைத் தெருவில் அனுப்புவது தொழிலுக்கு அழகில்லை என்று மீதிப் பாதியையும் தடவித் தடவியே முடித்து, வெட்டுக்காயம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை, ஏனென்றால் உருவத்தோடு குரலும் போய்விட்டிருந்தது. பதினான்காம் தேதி காலை அவர் ஏரிக்கரையில் வேப்பங்குச்சியை மென்றபடி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார், அடுத்த வருஷம் அதே மூன்றாம் தேதி மறுபடியும் போனார், அதற்கடுத்த வருஷமும் போனார், அதற்குப் பிறகு நாங்கள் அதை ஐப்பசி மழையைப் போல எதிர்பார்க்கத் தொடங்கினோம்.

அவர் உடம்பில் பட்ட துணியும் செருப்பும் கையில் எடுத்த பொருளும் அவரோடு சேர்ந்து மறைந்துவிடும், உயிருள்ளவை மறையாது, தொட்டால் மட்டும் கைக்குத் தட்டுப்படுவார். தெருவில் பெண்கள் இடித்துக்கொண்டு திட்டுவதும், சைக்கிள்காரர்கள் ஒன்றுமில்லாத இடத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொள்வதுமாக இரண்டு வருஷம் போன பிறகு, அவர் மனைவி அஞ்சலாட்சி கறவைப் பசுவின் கழுத்திலிருந்த மணியைக் கழற்றி அவர் கழுத்தில் கட்டினாள். மணியும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஓசை கேட்டது. குரலே கேட்காதபோது மணி எப்படிக் கேட்கிறது என்று சிலர் விவாதித்துப் பார்த்தார்கள், பசு பட்டாளத்தில் சேரவில்லையே என்பதற்கு மேல் யாருக்கும் காரணம் தோன்றவில்லை. ஒரு தடவை ஆட்டினால் ஆமாம், இரண்டு தடவை ஆட்டினால் இல்லை. டவுன் பஸ் கண்டக்டர் மணியோசை ஏறியதும் ஜன்னலோரம் ஒரு இடத்தைக் காலியாக விட்டார், ரேஷன் கடை மிஷின் அவர் விரலை மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, டீக்கடையில் கிளாஸ் தானாக மறைந்து தானாகக் காலியாகித் திரும்பி வந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொடிக்கம்பத்தின் கீழ் ஓய்வுபெற்ற பட்டாளத்தார் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கூப்பிட்டுப் பதில் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அந்த வரிசையிலும் அவருக்கு ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் நின்றார்கள், பெயர் கூப்பிட்டால் அந்த இடத்திலிருந்து மணி ஒரு தடவை அடிக்கும்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இருதயராஜ். பட்டாளத்தில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர், மனிதர்களைவிடப் படிவங்களை அதிகம் நம்புகிறவர், ஊரில் யார் மனு எழுதினாலும் அவருடைய டைப்ரைட்டரில்தான் எழுதவேண்டும். துரைக்கண்ணு பட்டாளத்தை விட்டபோது கொடுத்த விடுவிப்புப் புத்தகத்தை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சேர்ந்த நாள், பயிற்சி, ரயில் பயணம், மலேரியாக் காய்ச்சலில் படுத்த நாள், விடுமுறை என்று பதினெட்டு வருஷமும் ஒரு நாள் விடாமல் அதில் எழுதியிருந்தது, ஒரே ஒரு வருஷத்து நவம்பர் மூன்றிலிருந்து பதின்மூன்று வரை பதினொரு நாளைக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. பதக்கங்களுக்கான பத்தியில் எட்டாம் நம்பர் மேட்டைக் காத்தவர்களுக்குக் கொடுத்த பதக்கமும் இல்லை. ஒரு ஆள் எங்கே இருந்தான் என்று காகிதம் சொல்லவில்லை என்றால் அவன் எங்கேதான் இருப்பான், பாவம், என்று இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

எட்டாம் நம்பர் மேடு வடக்கே ஒரு பனிமலையின் தோளில் இருந்தது. ஐந்து பேர் காவல் இருந்த அந்த இடத்தில் பனிச்சரிவு வந்து மூன்று பேரை மூடிவிட்டது. மிஞ்சியது இரண்டு பேர், இருவரும் எங்கள் ஊர்க்காரர்கள், ஹவில்தார் கஜபதியும் சிப்பாய் துரைக்கண்ணுவும். துரைக்கண்ணு சொன்னது இது: எனக்குக் கால் முறிந்திருந்தது, கஜபதி அண்ணன் உதவி கொண்டுவருகிறேன் என்று இறங்கிப் போனார், யாரும் வரவில்லை, மேட்டில் ஆள் இருப்பதாக எதிராளி நினைக்கட்டும் என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு குண்டு வீதம் பதினொரு நாள் சுட்டுக்கொண்டிருந்தேன், பன்னிரண்டாம் நாள் வேறு கம்பெனி வந்து தூக்கிப்போனது. கஜபதி அன்றைக்கே கீழே சொல்லி எழுதி வைத்திருந்தது இது: மேட்டில் கடைசி ஆள் நான், நான் இறங்கும்போது மேலே உயிரோடு யாரும் இல்லை. இரண்டையும் வைத்துப் பார்த்த யாரோ ஓர் அதிகாரி, துரைக்கண்ணு எங்கேயோ ஓடிப்போய்க் கடைசி நாளில் திரும்பி வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, தண்டிக்கவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் அந்தப் பதினொரு நாளையும் வெறுமையாக விட்டுவிட்டார். பதக்கம் கஜபதிக்குப் போனது, அந்தப் பதினொரு நாளும் அவருடைய புத்தகத்தில் மேட்டைக் காத்த கணக்கில் ஏறியது.

கஜபதி பிறகு சுபேதார் ஆனார், ஊர் வந்தார், பட்டாளத்தார் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். ஊருக்குத் தார்ரோடு வந்ததும் குடிதண்ணீர்த் தொட்டி வந்ததும் அவர் நடையாய் நடந்ததால்தான். மனைவியை இழந்தவர், பிள்ளையில்லாதவர், விடிகாலையில் கேன்வாஸ் ஷூ போட்டு ஏரியைச் சுற்றி நடப்பவர், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். இருவரில் யார் சொல்வது உண்மை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவரைப் பொய்யர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, மணி கட்டிக்கொண்டு நடந்த மனிதரைப் பொய்யர் என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஆகவே இரண்டு பேரையும் நம்புவதாகப் பாவனை செய்துகொண்டு வசதியாக இருந்தோம். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. துரைக்கண்ணுவோ அண்ணன் மறந்திருப்பார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விடுவிப்புப் புத்தகத்தைத் திருத்தித் தாருங்கள், விட்டுப்போன பதக்கத்தைச் சேருங்கள் என்று இருதயராஜ் பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு மனு அனுப்பினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, சாட்சி இணைக்கப்படவில்லை. அந்த வருஷம் துரைக்கண்ணு பதினொரு நாளுக்குப் பதிலாகப் பத்தொன்பது நாள் காணாமல் இருந்தார். இரண்டாவது பதில், அந்தக் காலத்துப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது. ஒரு மாதம் காணோம். மூன்றாவது பதில், காலம் கடந்த மனு. தீபாவளியும் போய்க் கார்த்திகை தீபமும் போய்த்தான் தெரிந்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் அவர் மறையும் நாட்கள் முன்னாலும் பின்னாலும் நீண்டுகொண்டே போயின, ஆறாவது மறுப்புக்குப் பிறகு ஆடி மாதம் மறைந்தவர் மாசி மாதம்தான் திரும்பினார். அதற்குள் அவர் மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. பேரப்பிள்ளையை அவர் தூக்கியபோது கைக்குழந்தை அந்தரத்தில் மிதந்து சிரித்தது, அதைப் பார்த்து அறையில் இருந்த அத்தனை பெண்களும் அழுதார்கள்.

ஏழாவது கடிதம் புரட்டாசியில் வந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு மேஜர் நவம்பர் எட்டாம் தேதி கல்லேரிப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நேரில் வந்து விசாரிப்பார், மனுதாரரும் நேரில் கண்ட சாட்சியும் ஆஜராகவேண்டும், தவறினால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும். இருதயராஜ் அதை வாசித்துவிட்டு, நிரந்தரமாக என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார். கோப்பை மூடினால் ஆளும் அதோடு போய்விடுவார், ஆடியும் இல்லை மாசியும் இல்லை, இனி எந்த மாதத்திலும் தெரியமாட்டார் என்பது யாரும் சொல்லாமலே அஞ்சலாட்சிக்குப் புரிந்தது. அவள் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

நேரில் கண்ட சாட்சி உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் கஜபதி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கேட்டாள். அவர் அவளை உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், காணாததைக் கண்டேன் என்று பட்டாளத்துக்காரன் எப்படிச் சொல்வது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் குரலில் கோபமில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை துரைக்கண்ணுவும் அவளும் நிலத்துக்குப் போனார்கள். வழியில் மணிக்கயிறு அறுந்துவிட்டது, மணியை வாங்கி நாக்கு ஆடாமல் முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அவரை முன்னால் விட்டுப் பத்தடி பின்னால் அவள் வரப்பில் வந்தாள். ஒற்றை ஆள் நடக்கிற வரப்பு அது. எதிரே கஜபதி தன் காலை நடையில் வந்தார். வந்தவர், அவளுக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கும்போதே, எதிரில் யாருமே இல்லாத இடத்தில் வரப்பை விட்டு வாய்க்காலில் இறங்கினார். கேன்வாஸ் ஷூ முழுக்கச் சேற்றில் புதைய, ஓர் ஆள் கடந்துபோகும் நேரம் வரை தலையைக் குனிந்து நின்றார், பிறகு மறுபடி மேலே ஏறினார். ஏறிய பிறகுதான் அவளைப் பார்த்தார். நெல் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அஞ்சலாட்சி அங்கேயே நின்றுவிட்டாள். கணவர் சொன்னதை முப்பது வருஷமாக ஓர் எழுத்து விடாமல் நம்பியவள் அவள், ஆனாலும் நம்பிக்கை அவளுக்குக் கண்ணைத் தரவில்லை. அந்தப் பதினொரு நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதைத் தன் கண்ணால் பார்த்தவருக்குத்தான் இப்போதும் அவர் தெரிகிறார் என்றால், இத்தனை வருஷமும் இந்த ஊரில் ஒருவருக்கு அவர் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் கூடிப் பேசும், பேசினால் கஜபதிக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அவர் எந்த வரப்பை விட்டும் இறங்கமாட்டார்.

எட்டாம் தேதி காலை அவள் துரைக்கண்ணுவைத் தடவித் தடவி உடுத்திவிட்டாள். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன் வைத்த கருநீலக் கோட்டு, தொப்பி. கோட்டுப் பட்டன்களை மேலிருந்து கீழாகப் போட்டாள், ஒவ்வொன்றையும் அதற்குரிய ஓட்டையை விட்டுவிட்டு அடுத்த ஓட்டையில் போட்டாள். கோட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக நின்றது அவள் விரலுக்குத் தெரிந்தது. பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்த மனிதர் திடுக்கிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மறுபடி கட்டியிருந்த கழுத்து மணி இரண்டு தடவை அடித்தது.

"இருக்கட்டும்," என்றாள் அஞ்சலாட்சி. "கைய வுடு. இன்னிக்கு ஒரு நாளு நான் சொல்றத கேளு."

மேஜர் நடுவயதுப் பெண்மணி, மதுரைப் பக்கத்தவர், ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கோப்பைக் கையில் வைத்திருந்தார். மனுதாரர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்று இருதயராஜ் பணிவாகச் சொன்னதும், மனுதாரர் ஆஜராகவேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, தெரியவேண்டும் என்று இல்லை என்று சொல்லிவிட்டு, மணியோசை வந்த இடத்துக்குக் காகிதத்தை நீட்டிக் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். ஆனால் சாட்சி இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்றும், பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். அப்போது மணி பத்தரை.

அதிகாரி வந்தால் பட்டாளத்தார் அணிவகுத்து மரியாதை செய்யாமல் அனுப்புவது எங்கள் ஊரில் நடக்காது. கொடிக்கம்பத்தின் கீழ் இருபத்தாறு பேர் வரிசையாக நின்றார்கள், பதினேழாவது ஆளுக்கும் பதினெட்டாவது ஆளுக்கும் நடுவில் வழக்கம்போல் ஓர் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் விறைத்து நின்றதால் மணி ஓசையில்லை. அதிகாரியிடம் ஒப்படைக்கும் முன் வரிசையைச் சரிபார்ப்பது தலைவரின் வேலை, கஜபதி முதல் ஆளிலிருந்து தொடங்கினார். ஒருவருடைய காலரை இழுத்துவிட்டார், ஒருவருடைய தொப்பியைச் சரிசெய்தார், ஒருவரிடம் சவரம் சரியில்லை என்று உறுமினார். நாற்பது வருஷம் செய்த வேலை, மனம் எங்கேயோ இருந்தாலும் கை அதன் பாட்டுக்குச் செய்தது. அவர் முகம் காய்ச்சல்காரர் முகமாக இருந்தது. அஞ்சலாட்சி வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பதினேழாவது ஆளை முடித்துவிட்டு ஓரடி எடுத்து வைத்தார். காலி இடத்தின் முன்னால் நின்றார். அவருடைய வலது கை தானாக மேலே எழுந்தது.

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வெறும் காற்றில் அவர் விரல்கள் ஒரு பட்டனைக் கழற்றின, சரியான ஓட்டையைத் தேடிப் போட்டன, அடுத்ததைக் கழற்றின, போட்டன. வரிசையில் மற்றவர்களிடம் காட்டிய அவசரம் அந்த விரல்களில் இல்லை. குளிரில் வெளியே போகப்போகும் ஒருவருக்குப் போட்டுவிடுவதுபோலக் கழுத்து வரைக்கும் நிதானமாகப் போட்டுக்கொண்டே போனார். கடைசிப் பட்டனில் கை வந்தபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையை எடுக்க அவரால் முடியவில்லை.

மேஜர் கோப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார். அஞ்சலாட்சி மரத்தடியிலிருந்து வரிசைக்கு வந்தாள், பட்டாளத்தார் வரிசைக்குள் அதுவரை எந்தப் பெண்ணும் வந்ததில்லை.

"அண்ணா," என்றாள், சத்தம் போடாமல். "எங்களுக்கெல்லாம் அங்க காத்துதான் தெரியுது. உங்களுக்குக் கோட்டு தெரியுதா?"

கஜபதி மேஜரைப் பார்த்து அல்ல, அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கும் நான்தான் போட்டுவுட்டேன். இவன் வெரலு வெறச்சிப்போச்சு, மடங்கல. கழுத்து வரிக்கும் பட்டன் போட்டுட்டு, சாய்ந்திரத்துக்குள்ள ஆளோட வரேன்டான்னு சொல்லிட்டுத்தான் எறங்கினேன். உசுரோடதான் இருந்தான் மேடம்."

மீதியை அவர் துண்டுதுண்டாகச் சொன்னார். கீழே இறங்கியதும் மேலே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இருக்கிறான் என்றால் வழிகாட்டத் தான் இறங்கிவந்த பனிப்புயலில் தானே மறுபடி ஏறவேண்டும், இல்லை என்று வாயில் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தார், மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மலையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டபோதெல்லாம் அது யாருடையது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பதினொரு நாளும் கூடாரத்துக்குள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். பிறகு பதக்கம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

மேஜர் நின்றபடியே எழுதினார், இருதயராஜ் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நவம்பர் மூன்று, எட்டாம் நம்பர் மேடு, என்று முதல் வரி தாளில் விழுந்ததும் காற்றில் பட்டன்கள் தெரிந்தன. நவம்பர் நான்கு, ஐந்து, ஆறு என்று இருதயராஜ் தட்டத் தட்டக் கோட்டு தெரிந்தது, கை தெரிந்தது, மெலிந்துபோன கழுத்தும் அதில் பசுவின் மணியும் தெரிந்தன. பதின்மூன்றாம் தேதிக்குக் கஜபதி கையெழுத்துப் போட்டு முடித்தபோது துரைக்கண்ணு விறைத்து நின்ற நிலை மாறாமல் முழுசாக நின்றுகொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் குரலை நாங்கள் கேட்டோம்.

"சாய்ந்திரம் வரேன்னு சொன்னீங்களேண்ணா," என்றார். "நான் பாத்துக்கினே இருந்தேன்."

கஜபதி தன் சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தைக் கழற்றி மேஜரின் கோப்பின் மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நாங்களும் அவரைக் கூப்பிடவில்லை. அன்றைக்குத் தொட்டித் தண்ணீர் பிடிக்கப்போன பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

திருத்திய புத்தகமும் பதக்கமும் சித்திரையில் வந்தன. ஆடி வந்தது, துரைக்கண்ணு மறையவில்லை. ஐப்பசி வந்தது, மறையவில்லை. முடிவெட்டும் கடைக்காரர் நவம்பர் மூன்றாம் தேதியன்று அவர் முகத்தை முழுசாகப் பார்த்துக்கொண்டே சவரம் செய்துவிட்டு, பார்த்துச் செய்வது கை பழகாமல் சிரமமாக இருக்கிறது என்றார்.

அன்றைக்கே காலை கஜபதி ஏரிப்பக்கம் நடக்க வரவில்லை. எட்டாம் நம்பர் மேட்டு நாட்கள் அவருடைய புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டு உரியவருக்குப் போய்விட்டன, அந்தப் பதினொரு நாளில் அவர் படுத்திருந்த கூடாரத்துக்கு யாரும் பெயரோ நம்பரோ கொடுத்து எழுதி வைத்திருக்கவில்லை. அந்த வருஷம் மூன்றாம் தேதி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. பட்டாளத்தார் வரிசையில் நின்றார்கள், பெயர் கூப்பிடும் இருதயராஜ் பழக்கத்தில் கஜபதி என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். யாரும் தென்படவில்லை, பதிலும் வரவில்லை. ஆனால் வரிசையின் கடைக்கோடியில் செம்மண்ணில் இரண்டு ஷூ தடங்கள் நீர் ஊறிப் பதிந்திருந்தன. மணி எதுவும் கொடுக்கவேண்டாம், ஊரெல்லாம் இடிபடட்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள், அவர்களில் நானும் ஒருவன்.

துரைக்கண்ணு வரிசையை விட்டு வெளியே வந்தார். அனுமதி கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பசுவின் மணியைப் புதுக் கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு வந்து, அந்தத் தடங்களின் முன்னால் நின்று, கையை நீட்டிக் கழுத்தைத் தேடினார். அவருக்கும் கஜபதி தெரியவில்லை, கீழே கூடாரத்தில் நடந்ததை அவர் பார்த்ததில்லையே. தடவித் தடவித்தான் கயிற்றைக் கட்டினார். கட்டிய கை கீழே இறங்கும்போது சட்டையில் ஒரு நிமிஷம் நின்றது, பட்டன்கள் எல்லாம் திறந்து கிடந்தன போலிருக்கிறது, ஒவ்வொன்றாகக் கழுத்து வரைக்கும் போட்டுவிட்டார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பி நின்றுகொண்டார்.

இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கஜபதி என்று கூப்பிட்டார். வெகுநேரம் கழித்து மணி ஒரு தடவை அடித்தது.